பூட்டுக் கலைஞர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ்

கல்லூரி இதழில் பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர் புலவரையோ, போர்வீரரையோ, திருத்தொண்டரையோ தேர்ந்துகொள்வது வழக்கம். யாம் ஈண்டுத் தேர்ந்துகொண்டவர், பூட்டைச் சாவியின்றித் திறந்தமையால் இரு கண்டங்களிலும் பெயர் பெற்ற ஒருவர். இச்செய்தி கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். கள்வர் கலையைக் கலாசாலையிற் புகழ்தல் தகுமோ என்று வினவினாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பூட்டுத் திறந்து பழகுதலை ஒரு நற்பொழுதுபோக்காகக் கொண்டு கழகம் அமைத்துக் கூடுவோர் மேல்நாடுகளில் இன்று பலர். நம் நாட்டு இளைஞரும் அதில் ஆர்வங்காட்டி வருகின்றனர். இவர்க்கெல்லாம் முன்னோடியாய் நின்ற ஹாப்ஸ் என்பார் எவ்வாறு அக்கலையில் தேர்ந்தார், அதனை எவ்விடத்துப் பயன்படுத்தினார் என்பதை அறிந்த பின்னரே நண்பர் வினாவிற்கு விடை கூறுதல் முறையாகும்.

ஹாப்ஸ் 1812-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிற் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் உழைக்கப் புறப்பட்ட அச்சிறுவர் கைவையாத தொழில் இல்லையென்றே கூறலாம். பண்ணையில் வேலை செய்தார், கடையில் நின்றார், மரஞ் செதுக்கினார், வண்டிக்கூடு கட்டினார், கடலோடியாகவும் சிலகாலம் திரிந்தார். ஒன்றிலும் நிலைக்கவில்லையே என அக்காலத்து அவரைப் பழித்தோர் இருந்திருத்தல் கூடும். ஆயின், மரமும் இரும்பும் தோலும் விரலுக்கு எவ்வாறு விடைகொடுக்கும் என்பதை அவர் கற்ற பள்ளிக்கூடம் அவ்வலைச்சலே என்பது எம் கருத்து. முடிவில் ஸான்ட்விச் என்னும் ஊரிலிருந்த கண்ணாடித் தொழிற்சாலையில் அமர்ந்து கண்ணாடி அறுக்கும் வேலை பயின்றார். ஆங்குக் கதவுகளுக்குரிய கண்ணாடிக் குமிழ்கள் செய்யப்பட்டன. குமிழைக் கதவிற் பொருத்தும் முறையை ஆராயப் புகுந்தவர் குமிழின் பின்னிருந்த பூட்டின்பால் ஈர்க்கப்பட்டார். அதன் பின்னர் அவர் வாழ்க்கை பூட்டினின்றும் நெடுங்காலம் விலகவில்லை.

பூட்டும் இரும்புப் பெட்டியும் விற்கும் தொழிலில் அவர் இறங்கினார். பின்னர் நியூயார்க்கில் டே, நியூவெல் என்பார் நடத்திய பூட்டுத் தொழிலகத்தின் முகவரானார். அக்காலத்து வங்கி முதலாளிகளிடம் சென்று, தம் பூட்டு நன்று என்று மட்டும் கூறினால் யாவர் வாங்குவர்? ஆதலின் ஹாப்ஸ் வேறோர் உபாயங்கண்டார். வங்கியில் முன்னரே தொங்கும் பூட்டைக் காட்டுமாறு கேட்டு, உடையவர் இசைவுபெற்று, அவர் கண்முன்னரே அதனைத் திறந்து காட்டினார். திறந்த கதவைவிடச் சிறந்த விளம்பரம் யாது? இவ்வாறு விற்பனையே அவருக்குப் பயிற்சிக்களமாயிற்று.

அவர் கையாண்ட நெறியை விளங்கிக்கொள்ள, பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பழங்காலத்துப் பூட்டுக்களில் சாவியைத் தடுப்பதற்கு உள்ளே சில வேலித்தகடுகள் நிற்கும். அவற்றைச் சுற்றிச் செல்லத்தக்க வளைந்த கம்பியொன்று இருப்பின் எவரும் திறக்கலாம். 1778-இல் ஆங்கில நாட்டு ராபர்ட் பாரன் என்பவர் புதியதொரு முறையை வகுத்தார். பூட்டின் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகடுகளைச் சாவியின் பற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு உயர்த்துதல் வேண்டும். குறைந்தாலும் திறவாது, மிகுந்தாலும் திறவாது. இத்தகடுகளைப் பூட்டுத் தொழிலாளர் இன்றும் லீவர் என்றே வழங்குவர். ஆறு லீவர்களும் ஒருங்கே தத்தம் உயரத்தில் நின்றாலன்றி நாக்கு நகராது. ஆகவே சாவியற்றவன் எண்ணிறந்த உயரங்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஆயுளைக் கழிப்பான் என்று கணக்கிட்டனர்.

அக்கணக்கு தாளில் மட்டும் சரி. மனிதன் கையாற் செய்த ஆறு தகடுகள் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருத்தல் அரிது. நாக்கை ஒரு கருவியால் மெல்லத் தள்ளிப் பிடித்தால், ஆறும் ஒருங்கே அதனைத் தாங்குவதில்லை. ஏதேனும் ஒன்றே முதலில் இறுகும். மற்றொரு மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்ப்பின் இறுகியது இன்னது எனத் தெரியும். அதனை மெல்ல உயர்த்த, அது தன் இடத்தில் அமரும். நாக்கு அணுவளவு நகரும். உடனே அடுத்த தகடு இறுகும். ஆறு எண்களை ஒருங்கே கண்டுபிடிப்பது இயலாத செயல். ஒவ்வொன்றாய்க் கண்டுபிடிப்பது பொறுமையுடையார்க்கு இயலும். ஹாப்ஸ் கண்டதாகப் பலர் கருதும் வித்தையின் உட்பொருள் இவ்வளவே. அவர்க்கு முன்னரும் இதனை அறிந்தார் சிலர் இருந்தனர். ஆயின் இத்துணைத் தெளிவாகப் பகலில் பலரறியச் செய்து காட்டியவர் அவரே.

இப்பொழுதுபோக்கைக் கற்க விழைவோர் எப்பூட்டை முதலில் கையில் எடுத்தல் வேண்டும் என்பதற்கு ஹாப்ஸ் பெயரால் வெளிவந்த நூலின் அமைப்பே வழிகாட்டுகிறது. 1853-இல் சார்லஸ் டாம்லின்சன் என்பார் பதிப்பித்த அந்நூல், எகிப்தியரின் மரப்பூட்டில் தொடங்கி, வேலித்தகட்டுப் பூட்டு, பாரனின் பூட்டு எனப் படிப்படியாக ஏறி, அரிய பூட்டுக்களை அதன்பின்னரே பிரித்துக் காட்டுகிறது. எளியதன் உடலை அறியாதவன் அரியதன் உள்ளத்தை அறியான். ஆகவே திருகாணி கழற்றி உள்ளே பார்த்து மீண்டும் மூடத்தக்க பூட்டே தொடக்கத்திற்கு உகந்தது. தறையாணி அடித்து மூடியவை, உடைத்தாலன்றி உள்ளே காட்டா. லீவர் இரண்டோ மூன்றோ உடையதைக் கொள்க. ஆறுடையதே கிடைப்பின், ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கழற்றிவிட்டுப் பழகி, பின்னர் இரண்டு, மூன்று எனக் கூட்டிக்கொண்டே செல்லலாம். இக்காலத்து முளைப்பூட்டுக்களிலும் இம்முறையே கையாளப்படுகிறது. ஒரு முளையில் தொடங்கி ஐந்துக்கு ஏறுவர். உள்ளே நடப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற பொருளாற் செய்த பூட்டுக்களும் இன்று விற்கின்றன. கண்ணுக்கு அவை நல்ல ஆசிரியர்; விரலுக்கு அத்துணை நல்ல ஆசிரியர் அல்ல. கண் காண்பதை விரல் கேட்பதில்லை. ஆதலால் ஓரிரு நாளில் அவற்றை விட்டு இரும்பையும் பித்தளையையும் நாடுவது நலம்.

எம் ஊராகிய எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பூட்டு என்றால் திண்டுக்கற் பூட்டே. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய அம்மானாவாரிச் சீமையில் மழை பொய்த்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிச் செல்வோர் உண்டு; திங்கள் பல கதவில் தொங்கிக் கரிசற் புழுதியை உண்டு கிடப்பது அப்பூட்டு. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அதன் வகைகளுள் பெயர் பெற்றது. கையால் அராவிச் செய்யும் திண்டுக்கற் பூட்டிற்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கையால் அராவிய லீவர்களில் ஹாப்ஸ் கூறிய வேறுபாடு மிகுதி. அதனாலேயே கற்போர்க்கு அவை இனிய துணை. ஆயினும் பழைய இரும்புக் கடையிற் கிடக்கும் துருவேறிய பூட்டை வாங்கித் தொடங்குதல் வீண். துருவால் இறுகுவதும் தாங்குதலால் இறுகுவதும் புதியவன் விரலுக்கு ஒன்றே போல் தோன்றும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, தன் சாவிக்கு இலேசாகச் சுழலும் பூட்டையே பயிற்சிக்குக் கொள்ளுதல் வேண்டும். ஒரே பூட்டோடு நெடுநாள் உறவாடுதலும் ஆகாது. சில நாளில் கை அதன் உயரங்களை மனப்பாடஞ் செய்துவிடும். பின்னர் நடப்பது பயிற்சியன்று, ஒப்புவித்தல்.

வழக்கிலுள்ள பூட்டில் ஒருபோதும் கைவைத்தலாகாது என்பது இப்பொழுதுபோக்கினர் அனைவர்க்கும் பொதுவான விதி. அறம் பற்றியது மட்டுமன்று இவ்விதி. பழகாத கை லீவரை வளைக்கும், சுருள்வில்லைத் தளர்த்தும், மாலையில் வீட்டார் சாவியோடு வந்து வாயிலில் நிற்க நேரும். தனக்கே உரியதாய், எக்கதவிலும் தொங்காததாய் உள்ளதே பயிற்சிப்பூட்டு. ஹாப்ஸ் வழக்கிலுள்ள பூட்டுக்களைத் திறந்தாரன்றோ எனின், உடையவர் இசைவும், தேர்ந்த கையும், சுற்றிலும் சான்றோரும் இருந்த இடத்தே திறந்தார். இம்மூன்றும் அமைந்த நாள் ஒன்று அவர் புகழுக்கு வித்தாயிற்று.

1851-ஆம் ஆண்டு மே முதல் நாளில் இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவில் பளிங்கு மாளிகை என வழங்கிய கண்ணாடி மண்டபத்தே உலகப் பெருங் கண்காட்சி திறக்கப்பட்டது. டே-நியூவெல் தொழிலகத்தின் பூட்டை ஆங்கு வைப்பதற்காக ஹாப்ஸ் கடல் கடந்து வந்தார். அக்கண்காட்சியில் மக்கள் நெருக்கியடித்துப் பார்த்த பொருள்களுள் ஒன்று கோஹினூர் வைரம். இரண்டாண்டுகட்கு முன்னர், 1849-இல், பஞ்சாபின் சிறுவயது மன்னர் துலீப் சிங்கிடமிருந்து கொண்டுபோன அவ்வைரத்தைக் காத்து நின்ற கூண்டு சப் என்னும் ஆங்கிலப் பூட்டுத் தொழிலகத்தார் செய்தது. பிறர்க்குரிய மணியை அரசர் பெயராற் கொண்டுசெல்வதற்குப் பூட்டுத் திறக்கும் வித்தை வேண்டுவதில்லை என்பதை இடையே குறித்து மேற்செல்கின்றோம்.

சப் தொழிலகத்தின் பூட்டிற்கு ஒரு கதை உண்டு. 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் நிகழ்ந்த களவினைத் தொடர்ந்து, 1818-இல் ஜெரமையா சப் என்பார் புதியதொரு பூட்டிற்குக் காப்புரிமை பெற்றார். அதில் லீவர்களோடு ஒற்றன் போன்ற உறுப்பொன்றும் இருந்தது. யாரேனும் திருட்டுக் கருவியால் ஒரு லீவரை அளவிற்குமேல் தூக்கிவிடின் அவ்வொற்றன் அதனைக் கவ்விக்கொள்ளும். உடையவர் வந்து தம் சாவியை இடும்போது பூட்டு இறுகி நின்று, வேற்றுக்கை பட்டதை உணர்த்தும். போர்ட்ஸ்மத்தில் சிறைக்கப்பலில் இருந்த கைதியொருவன் முன்னாளிற் பூட்டுத் தொழிலாளி. தன்னால் திறக்க இயலாத பூட்டு இல்லையென்றான். முத்திரையிட்ட சப் பூட்டொன்றும், வேண்டிய அரங்களும், வெட்டாத சாவிகளும், உள்ளமைப்பைக் கற்றுக்கொள்வதற்கு அதே இனத்துப் பூட்டு மற்றொன்றும் அவனுக்குக் கொடுக்கப்பட்டன. திறந்தால் விடுதலையும் 100 பவுன் பரிசும் உண்டு. இரண்டு மூன்று திங்கள் முயன்றான், ஒற்றன் மீண்டும் மீண்டும் கவ்வியது, கைவிட்டான். பயிற்சிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என இரட்டைப் பூட்டுக் கொள்வது இன்றும் சிறந்த முறையே. ஆயின் தன் விடுதலையையே பரிசாகப் பெறவிருந்த அவனுக்கு அதனாலும் திறக்கக் கூடவில்லை.

1851 சூலை 22-ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டரில் கிரேட் ஜார்ஜ் தெரு 34-ஆம் எண் இல்லத்தில், காப்பறைக் கதவொன்றிலிருந்த சப் பூட்டின்முன் ஹாப்ஸ் அமர்ந்தார். சான்றோராகச் சிலர் சூழ்ந்திருந்தனர். சப் குழுவினர்க்கும் முன்னரே அழைப்புச் சென்றது, அவர்கள் வரவில்லை. 25 நிமிடத்தில் பூட்டுத் திறந்தது. பின்னர் 7 நிமிடத்தில் அவரே அதனை மீண்டும் பூட்டியுங் காட்டினார். கைதியை வென்ற ஒற்றன் ஹாப்ஸிடம் என்னாயிற்று? ஒற்றன் கவ்வும்போது, இன்ன லீவர் அளவுக்குமேல் உயர்ந்தது என்னும் செய்தியையும் உடன் கூறுகிறதன்றோ? அச்செய்தியையே அவர் ஏணியாகக் கொண்டார். கவ்வியதை விடுவித்து, அவ்வுயரத்திற்குச் சற்றே கீழே நிறுத்தினார். கைதி ஒற்றனைப் பகைவனாகக் கண்டான்; ஹாப்ஸ் அவனை ஆசிரியனாகக் கொண்டார். இருவர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு கைத்திறத்தில் மட்டும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

இதனினும் அரியது பிராமாவின் பூட்டு. நீரழுத்தப் பொறியை அமைத்துப் புகழ்பெற்ற ஜோசப் பிராமா 1784-இல் இப்பூட்டிற்குக் காப்புரிமை பெற்றார். அதன் சாவி சிறு குழாய் வடிவினது; நுனியில் வெட்டப்பட்ட பிளவுகள், வட்டமாய் அமைந்த மெல்லிய நழுவுதகடுகளை வெவ்வேறு ஆழத்திற்கு அழுத்தும். பிக்காடிலியில் 124-ஆம் எண் கடையின் சாளரத்தில் அத்தகைய பூட்டொன்று நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. திறக்கும் கருவி செய்வார்க்கு 200 கினி, அஃதாவது 210 பவுன், பரிசு என்னும் அறிவிப்பும் உடனிருந்தது. பிராமா 1814-இல் இறந்தார், அறிவிப்பு இறக்கவில்லை. ஹாப்ஸ் அதனை ஏற்றார். ரென்னி, கௌப்பர், பிளாக் என்னும் மூவர் நடுவராயினர். ஒரு திங்கள் தவணை குறிக்கப்பட்டது. சாவித்துளை ஒன்றே வெளித்தோன்ற, பூட்டு மரத்தில் பொதிந்து வைக்கப்பட்டது.

பதினெட்டு நழுவுதகடுகள். இறுகியது எது என ஒவ்வொன்றாய்த் தேடி, அழுத்திய ஆழத்தை அளந்து குறித்து, மறுநாள் விட்ட இடத்தினின்று தொடங்குதல் வேண்டும். நாக்கின்மேல் இடையறாத அழுத்தம் நிலைக்கும்படி அவர் ஒரு கருவியை மரத்தில் திருகிப் பொருத்தினார். பதினாறு நாட்களில் 51 மணிநேரம் உழைத்தார். ஆகஸ்ட் 23-இல் பூட்டுத் திறந்தது. பிராமாவின் வழிவந்தோர், இத்தனை கருவிகளோடு இத்தனை நாள் இடையூறின்றி அமரக் கள்வனுக்கு எங்கே வாய்ப்பு என முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் இல்லையெனல் ஆகாது. ஆயினும் அறிவிப்பில் கள்வனைப் பற்றிய பேச்சே இல்லை. நடுவர் ஹாப்ஸ் பக்கம் தீர்ப்பளித்தனர். 200 கினியும் கொடுக்கப்பட்டது. திருமறைக்காட்டில் அடைத்த கதவம் அப்பர் பதிகத்திற்குத் திறந்தது என்பர். அங்கும் கதவு எளிதில் இரங்கவில்லை, அடியார் பதினொரு பாடல் பாட வேண்டியிருந்தது என்று எம் வகுப்பில் நகையாடியதுண்டு. பிக்காடிலிக் கதவுக்கோ 51 மணிநேரம் வேண்டியிருந்தது.

இலண்டன் நகரம் கலங்கிற்று. நேற்றுவரை அமைதியாய் உறங்கிய வணிகர், தம் பெட்டிகளை ஐயத்தோடு நோக்கினர். செய்தித்தாள்களில் வாதம் எழுந்தது. இத்தகைய குறைகளை வெளிப்படக் கூறுதல் கள்வர்க்குப் பாடஞ் சொல்லுதல் ஆகாதோ என்றனர் ஒருசாரார். ஹாப்ஸின் நூல் இதற்கு நேராகவே விடை கூறிற்று. கள்வர் தம் தொழிலை நன்கறிவர். அவர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியது மிகச் சிறிது. மறைத்தலால் அறியாமையில் நிற்பவர் பூட்டை நம்பி உறங்கும் நல்லோரே. பூட்டொன்று பழுதுடையது எனின், அதனை முதலில் அறியவேண்டியவர் அதற்கு விலை கொடுத்தவர். ஈதே அந்நூலின் வாதம்.

நண்பர் எழுப்பிய வினாவை இங்கு எடுத்துக்கொள்ளலாம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கள்வர் கலையை நன்கு விரித்துரைத்தான். மந்திரம் முதலாகக் கருவி ஈறாக எண்வகைத் துணைகளையும் கொலைக்கு வந்த காவலர்க்கு எடுத்தோதினான். அவன் கூறியவை அனைத்தும் கோவலன்மேல் ஏற்றப்பட்டன. அங்கே கேடு செய்தது கலையறிவா? திருடியவன் அறிவுரைப்பவனாய் நிற்க, திருடாதவன் வெட்டுண்டான். காவலருள் உண்மையை ஆராயப் பொறுமையுடையார் இல்லாமற் போயினர். எம் தென்னாட்டு ஊர்கள் இக்கொடுமையை ஏட்டில் மட்டும் படித்தவை அல்ல. ஹாப்ஸ் உயிரோடிருந்த காலத்திலேயே, 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டது. பிறந்த குலம் ஒன்றே கொண்டு மாந்தரைக் கள்வர் எனக் குறித்துக் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் அடைத்தனர். எப்பூட்டையும் தொட்டறியாதாரும் அதற்கு ஆளாயினர். அச்சட்டம் நீங்கியது 1940-களின் இறுதியில். பூட்டுத் திறக்கும் அறிவு உடைமையாற் கள்வன் ஆகான் என்று ஹாப்ஸிற்கு இலண்டன் வழங்கிய நீதி, எம் பாட்டன்மார்க்கு வழங்கப்படவில்லை.

ஹாப்ஸ் இலண்டனிலேயே தங்கித் தொழிலகம் தொடங்கினார். பூட்டின் உறுப்புக்களைக் கையால் அராவாமல் இயந்திரத்தாற் செய்யும் அமெரிக்க முறையை அங்குக் கொணர்ந்தார். பூட்டுக்களின் அமைப்பைப் பற்றி அவர் சிவில் பொறியாளர் கழகத்தில் படித்த கட்டுரைக்கு டெல்பர்டு பதக்கம் கிடைத்தது. ஆயினும் ஊரார் பூட்டைத் திறந்தவரின் பூட்டு மட்டும் திறவாதிருக்குமோ? 1854-இல் சப் தொழிலகத்துத் தொழிலாளர் ஒருவர் ஹாப்ஸ் செய்த பூட்டொன்றைத் திறந்துவிட்டார். அவர் பெருமையாகக் கடல் கடந்து கொண்டுவந்த நியூவெல் பூட்டும் சில ஆண்டுகளில் லைனஸ் யேல் என்னும் இளைய அமெரிக்கரிடம் தோற்றது. அந்த யேல் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற முளைப்பூட்டே இன்று உலகெங்கும் கதவுகளில் வழங்குவது. இந்தியாவில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்த அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கியது 1897-இல். அதனை ஹாப்ஸ் காணவில்லை.

1860-இல் அவர் தாய்நாடு திரும்பினார். தையற்பொறித் தொழிலில் சிலகாலம் இருந்து, 1866 முதல் பிரிட்ஜ்போர்ட் நகரில் துப்பாக்கித் தோட்டாச் செய்யும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராய் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணிபுரிந்தார். எம் உள்ளத்திற்கு இப்பகுதி உவப்பாயில்லை. ஓசையின்றித் திறக்கும் கலையில் தேர்ந்த கைகள் வெடிமருந்திற்கு உறை செய்து ஓய்ந்தன. 1891-இல் அந்நகரிலேயே அவர் காலமானார். இலண்டனில் அவர் தொடங்கிய தொழிலகம் ஹாப்ஸ்-ஹார்ட் என்னும் பெயரோடு பின்னும் பல்லாண்டு நடந்து, 1956-இல் சப் தொழிலகத்தாரால் வாங்கப்பட்டது.